கதிரைக்குக் கால் ஆடுது

அவர் ஒருவரைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். இந்த ஆளை எந்தக் கதிரையில் இருத்தலாம் என்றுதான் பார்ப்பார். நான் இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து இறங்கிய கிழமையே என்னையும் அப்படிப் பார்த்தார். அவருடைய கதிரைகள் எதிலும் நான் அகப்படவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய மனைவி இன்னும் இந்த ஊரின் போர்கோ வெக்கியோப் பகுதியில்தான் இருக்கிறார், என்னைக் கண்டால் நின்று கதைக்கிறார். எங்கள் ஆட்கள் அவரைக் கதிரை அண்ணை என்பார்கள். முகத்துக்கு நேரே அல்ல. முகத்துக்கு நேரே வெறும் அண்ணைதான்.

எனக்கு இந்த ஊரில் முதல் வேலை எடுத்துத் தந்தவர் அவர். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சொன்னதால் என் கோபம் குறையப்போவதும் இல்லை.

அவர் ஒரு கிழவியின் வீட்டில் வேலை செய்தார். கணவனை இழந்த பெரிய இடத்துப் பெண். பாரோனெஸா என்பது அவருடைய பட்டம். அந்தப் பட்டங்களை இந்த நாட்டு அரசாங்கமே இப்போது கணக்கெடுப்பதில்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அந்த வீட்டின் கதவுக்கு உள்ளே கணக்கெடுத்தார்கள். என்னைத் தூசி தட்டவும் நிலம் துடைக்கவும் சேர்த்தார்கள். அண்ணைதான் எனக்கு மேல்.

முதல் நாள் சமையலறையில் வைத்துக் கேட்டார்.

"பிள்ளை, ஊரிலை எந்தப் பக்கம்?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"ஊர் தெரியும். ஊருக்குள்ளை எந்தப் பக்கம்?"

"குளத்துக்கு அங்காலை" என்றேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்போது இன்னும் தெரியாது.

"ம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் யன்னல் கட்டையில் ஒரு கோப்பை தனியாக இருந்தது. அந்த வீட்டில் வேலைக்காரருக்கென்று ஒரு தட்டில் தனிக் கோப்பைகள் இருந்தன. பாரோனெஸாவின் கோப்பையில் அண்ணை குடிக்க முடியாது. அந்தத் தட்டில் இருந்த கோப்பையில் நான் குடிக்க முடியாது. முதலாவது பாரோனெஸா போட்ட சட்டம். இரண்டாவது அந்த வீட்டில் தமிழ் தெரிந்த இரண்டு பேருக்கு மட்டும் விளங்கிய சட்டம்.

இனிக் கதிரைகள். பெரிய அறையில் எல்லாம் பிரெஞ்சுச் சாமான்கள். பதினைந்தாம் லூயி என்று பிரான்சில் ஒரு ராசா இருந்தானாம், அவன் காலத்து வேலை. அண்ணை இத்தாலியனில் "லூயிஜி குயிந்திசி" என்று வாய் நிறையச் சொல்வார். ஒரு நேர்க்கோடு கிடையாது. கால்கள் மானின் கால்போல வளைந்து வெளியே போகும். முழங்கால் மாதிரிப் புடைத்த இடத்தில் சிப்பியும் இலையும் பூவும் செதுக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பொன்தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் படக்கூடாது, ஈரத்துணி ஆகாது. மெல்லிய தூரிகையால் ஊதி ஊதித் தட்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பொன் போய் அடியிலுள்ள சிவப்பு மண்பூச்சுத் தெரியும்.

மூன்று வகை இருந்தன. கைவைத்த கதிரை, கையில்லாத கதிரை, முதுகும் கையும் இல்லாத ஸ்டூல். பட்டம் உள்ளவர் வந்தால் கைவைத்தது. வைத்தியர், வக்கீல், பங்குச் சுவாமியார் என்றால் கையில்லாதது. கடன் கேட்டு வரும் சொந்தக்காரருக்கு ஸ்டூல். மற்றவர்கள் நிற்பார்கள். இதைப் பாரோனெஸா வாயால் சொல்வதில்லை. வாசலில் வைத்து அண்ணையை ஒருதரம் பார்ப்பார், அண்ணை கதிரையை இழுப்பார்.

அதில் அவர் கெட்டிக்காரர். ஒருநாள் ஒரு புது வக்கீல் வந்தார். விஷயம் தெரியாமல் நேரே கைவைத்த கதிரைக்குப் போய் இருக்கக் குனிந்துவிட்டார். அண்ணை ஒரு கையால் அதைப் பின்னுக்கு இழுத்து, மறு கையால் கையில்லாததை உள்ளே தள்ளினார். வக்கீல் அதில் இருந்தார். மாறியது அவருக்குத் தெரியவே இல்லை. பாரோனெஸாவின் உதட்டோரம் மட்டும் ஆடியது.

சமையலறைக்குள் வந்ததும் அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கண்டியே பிள்ளை? ஆள் விழவும் இல்லை, ஏறவும் இல்லை!"

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சமையலறையில் அவர் பிரெஞ்சு அரண்மனைக் கதை சொல்வார். பாரோனெஸா நல்ல மனநிலையில் இருந்த ஒருநாள் அவருக்குச் சொன்னதாம். "ராசாவுக்குக் கைவைச்ச கதிரை. ராசாத்திக்கு முன்னாலை ஸ்டூலிலை இருக்கிறதுக்கு எத்தினை சண்டை தெரியுமே? பெரிய பெரிய பிரபுமாற்றை பெண்சாதியள். ஒரு ஸ்டூலுக்கு, பிள்ளை! மற்றச் சனமெல்லாம் விடிஞ்சதிலையிருந்து பொழுதுபடுமட்டும் நிக்கும்." சொல்லும்போது அவர் முகத்தில் வெளிச்சம் இருக்கும். தானும் அந்த அரண்மனையில் நின்றவர் மாதிரி. கடைசியில் எப்போதும் இதைத்தான் சொல்வார்: "நான் இத்தினை வருசமா இந்த வீட்டிலை. ஒருநாளும் இருக்கேல்லை. ஒரு விரல் அகலம் இருக்கேல்லை."

நின்று நின்று அவர் கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து கிடந்தது. காற்சட்டைக்குள் இறுக்கமான நீளக் காலுறை போட்டிருப்பார். அதை ஒருவரும் காணக்கூடாது. நான் கண்டேன் என்று அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஆறு மாதம். வயிற்றில் மகள். முழங்காலில் நின்று அந்த மான்கால்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது. பக்கத்தில் ஸ்டூல். இருந்துவிட்டேன்.

"எழும்பு."

திரும்பினால் அண்ணை.

"அண்ணை, தலை சுத்துது."

"நிலத்திலை இரு. உதிலை இராதை."

அப்போது பாரோனெஸா வாசலில் நின்றிருக்கிறார். என் வயிற்றைப் பார்த்தார். "லாஷாலா" என்றார். விடு அவளை என்று அர்த்தம். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணை அவர் போன திசைக்குத் தலை குனிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் கூடவில்லை.

"அவ சொல்லுவா. பெரிய இடம், சொல்லத்தான் வேணும். எழும்பவேண்டியது நீ."

எழும்பினேன். நிலத்தில் இருந்தேன். சலவைக்கல், அடிவயிறு வரை குளிர்ந்தது. ஊரில் என் அப்பாவையும் ஒருவரும் கதிரையில் இருக்கச் சொன்னதில்லை. அதற்கு லூயி ராசா தேவைப்படவில்லை. ஆனால் ஏழு கடல் தாண்டி வந்து, வெள்ளைக்காரி இருக்க விட்ட இடத்திலிருந்து எங்கள் ஆளே எழுப்புவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது பாரோனெஸா இறந்தார். மிலானோவிலிருந்து வந்த உறவினர் சாமான்களைப் பங்கு போட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று அண்ணையிடம் கேட்டார்கள். அவர் கைவைத்த கதிரை ஒன்றைக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள். மூன்று சில்லு வண்டியில் அதை ஏற்றி, பின்னால் தானும் ஏறி நின்று, ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு அவர் போர்கோ சந்தைக்குள்ளால் வந்ததைப் பார்த்த ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். மீன் விற்கிறவர்கள் கைதட்டினார்களாம். அவர் யாரையும் பார்க்கவில்லையாம்.

பொய்க் கதிரையாக இருக்கும் என்று சிலர் கதைத்தார்கள். இல்லை. கபோச் சந்தையில் பழைய சாமான் திருத்துகிற ஒருவர் வந்து புரட்டிப் பார்த்து, உண்மையான பழைய வேலைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கதிரையின் கைகள் முன்விளிம்பு வரை வராது. கொஞ்சம் பின்தள்ளித்தான் தொடங்கும். அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் அகலப் பாவாடை நசியாமல் இருக்க அப்படிச் செய்தார்களாம். பிரெஞ்சுத் தச்சன் நினைத்தே பார்த்திராத ஒன்று நடந்தது. எங்கள் பிள்ளைகளின் சேலைக் கொசுவத்துக்கு அந்தக் கதிரை அச்சொட்டாகப் பொருந்தியது. ஒரு வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு அண்ணை அதைக் கொடுத்தார். பிள்ளை பெரியபிள்ளையாகி, நகை போட்டு, பூ வைத்து, அதில் இருந்து எடுத்த படம் பலேர்மோ முழுக்கச் சுற்றியது. அதன் பிறகு சடங்கு என்றாலும் கலியாணம் என்றாலும் அந்தக் கதிரைதான்.

வாடகை வாங்கமாட்டார். கோட்டுப் போட்டுக்கொண்டு தானே கொண்டுவருவார். சட்டைப்பையில் தூரிகை இருக்கும். சடங்கு முடியும்வரை கதிரைக்குப் பின்னால் நிற்பார். எத்தனையோ வீட்டுப் படங்களில் பிள்ளைக்குப் பின்னால் ஒரு கறுத்தக் கோட்டுக் கை தெரியும்.

ஆனால் கேட்கப்போனால் அவர் முதலில் கேட்பார். "ஊரிலை எந்தப் பக்கம்?" பதில் பிடித்தால் நாளைக் குறித்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் மரியாதையாகச் சொல்வார்: "கதிரைக்குக் கால் ஆடுது. திருத்தக் குடுக்கவேணும்."

சாதி என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. வரவேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. சம்பந்தம் பேச வந்தவர்கள் சடங்குப் பட அல்பத்தைப் புரட்டிக் கதிரையைத் தேடினார்கள். கதிரை இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்கள். "அவைக்குக் கால் ஆடினதாம்" என்றால் இங்கே எல்லாருக்கும் விளங்கும். இந்த ஊரில் பர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்காமல் அலைந்தபோது எல்லாரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். அந்த வரிசையை ஒரு கதிரை மறுபடி பிரித்தது.

என் மகளுக்குக் குளத்துக்கு அங்காலை என்றால் என்னவென்று தெரியாது. தெரியாமலே வளர்ப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். வேறு சொத்து அவளுக்கு நாங்கள் வைக்கவில்லை. இந்தத் தெரியாமைதான் சொத்து.

பன்னிரண்டு வயதில் அவள் பெரியபிள்ளையானாள். கூடப் படித்த பிள்ளை அந்தக் கதிரையில் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். "அம்மா, எனக்கும் அந்தப் பொன் கதிரை" என்றாள்.

கணவர் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போய்வரும் கப்பல்களைத் துப்புரவு செய்கிறவர். "அந்த ஆளிட்டைப் போகாதையப்பா" என்றார். "என்ன சொல்லுவார் எண்டு உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். ஐந்து வருடம் அந்தக் கதிரையை முழங்காலில் நின்று தட்டியவள் நான். அதில் உள்ள ஒவ்வொரு இலையும் என் விரலுக்குத் தெரியும். அவர் நினைத்துப் பார்ப்பார் என்று நம்பினேன். எங்கள் ஆட்கள் செய்கிற பிழை இதுதான். தொட்டுத் துடைத்தால் உரிமை வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம்.

அவர் என்னை வாசலில் வைத்தே கதைத்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், வெள்ளைத் துணி போர்த்து, கதிரை நான்கு காலில் நின்றது.

"என்ன பிள்ளை, சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பனே."

சொன்னேன். எனக்கு வார்த்தை வராது, அன்றும் பாதிதான் வந்தது.

"சந்தோசம் பிள்ளை, சந்தோசம். ஆனா கதிரைக்குக் கால் ஆடுது. கபோவிலை திருத்தக் குடுத்திருக்கிறன்."

கதிரை அவருக்குப் பின்னால் நின்றது. அதை நான் பார்க்கிறேன் என்று அவர் கண்டார். கதவை மூடக்கூட இல்லை. பார்க்கட்டும் என்று நின்றார். நான் "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன். 

"ஏன் தரமாட்டினமாம்?" என்று மகள் கேட்டாள்.

"கால் ஆடுதாம்" என்றேன். அவருடைய பொய்யை நானே என் பிள்ளைக்குச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வேறொரு வீட்டுச் சடங்குப் படம். பொன் கதிரை, பின்னால் கறுத்தக் கோட்டுக் கை. "அம்மா! கால் திருத்தியாச்சுப்போலை. இப்ப போய்க் கேளுங்கோ!"

நான் அடுப்பைக் குறைத்துக் கறியைக் கிளறினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

கோவில் மண்டபத்தில் சடங்கு செய்தோம். மண்டபத்துக் கதிரை, வெள்ளைப் பிளாஸ்ரிக். அதன்மேல் என் கூறைச்சேலையை விரித்தோம். அண்ணைக்கும் சொல்லியிருந்தோம், சொல்லாமல் விட எனக்குத் துணிவில்லை. அவர் வந்தார். வராமல் விட்டிருக்கலாம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது "சீனி வருத்தம்" என்றார். நான் கோப்பையில் சோடா வார்த்துக்கொண்டு போனேன்.

"போத்திலாத் தா பிள்ளை. மூடி உடைக்காததாத் தா."

போத்திலை வாங்கி, மூடியைத் தானே திறந்து, நின்றபடியே குடித்தார். இருக்கவில்லை. பிறகு மேடையில் மகளைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பிள்ளை நல்ல வடிவு. கதிரைதான் கொஞ்சம்..."

என் கணவர் கையில் பாயச வாளியோடு போய்க்கொண்டிருந்தவர் நின்றார். "இது பிளாஸ்ரிக் அண்ணை. கால் ஆடாது."

மண்டபத்தின் எங்கள் பக்கம் சிரித்தது. மற்றப் பக்கம் சாப்பாட்டைப் பார்த்தது. அண்ணை போத்திலைக் கவனமாக நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கதிரை கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

போன வருடம் இறந்தார். கால் புண்தான் காரணம் என்றார்கள். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். மகனிடம் இங்கிலாந்துக்குப் போகலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"உந்தச் சனியனை நீ கொண்டு போ பிள்ளை. உனக்குத்தான் துடைக்கத் தெரியும்."

நான் வேண்டாம் என்றேன்.

"என்னை ஒருநாள் இருக்க விட்டவரே? பேரப்பிள்ளை தொட்டதுக்கு அடிச்சவர்." துணியை உருவினார். "தானும் இருக்கேல்லை, தெரியுமே? காலை உயர்த்தி வைச்சுக்கொண்டு இருக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். குசினி ஸ்டூலிலை இருந்து சுவரிலை காலை வைச்சார். இதிலை சாகுமட்டும் ஒருக்காலும் இருக்கேல்லை."

இதைக் கேட்டால் இரக்கம் வரவேண்டும் என்று தெரிகிறது. எனக்கு வரவில்லை. கோபம் கூடியது. தனக்குமே இருக்கத் தகுதி இல்லை என்று நம்பிய ஒருவர், எங்கள் எல்லாருடைய பிள்ளைகளையும் அளந்திருக்கிறார். அந்தக் கோபத்தில்தான் கதிரையைத் தூக்கி வந்தேன் என்று நினைக்கிறேன். இல்லை, அதையும் உண்மையாக எழுத வேண்டும். ஆசையிலும்தான்.

வீட்டில் யன்னலோரம் வைத்தேன். பழைய தூரிகையைத் தேடி எடுத்து, முழங்காலில் நின்று, கால்களைத் தட்டினேன். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். மகள், இப்போது பத்தொன்பது வயது, அதில் சப்பாணி கட்டிக்கொண்டு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழிந்த கையைப் பொன் இலைகளில் ஊன்றியிருந்தாள்.

"எழும்பு."

என் குரல்தான். சத்தம் கூடவில்லை. அவர் சொன்ன அளவுதான்.

அவள் உடனே எழும்பினாள். பாணை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஸ்கூசா அம்மா" என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டாள்:

"ஏன், இன்னும் கால் ஆடுதே?"

அவள் சிரிக்கவில்லை. கதிரையின் காலைப் பார்க்கவும் இல்லை. எப்போது தெரிந்துகொண்டாள், யார் சொன்னார்கள், எத்தனை வருடம் எனக்காகத் தெரியாத பிள்ளையாக நடித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு வைத்திருந்த ஒரே சொத்து எப்போதோ போய்விட்டிருந்தது. நான் மட்டும்தான் அதைப் பூட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறேன்.

"ஒரு பக்கம் பிடி" என்றேன்.

இரண்டு பேருமாக நான்கு மாடி இறக்கினோம். வாசலில் கீரை விற்கும் கிழவர் எப்போதும் கவிழ்த்த மரப்பெட்டியில் இருப்பவர். அவருக்கு முன்னால் வைத்தோம். அவர் கதிரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியிலிருந்து எழும்பி, கையைக் காற்சட்டையில் துடைத்து, ஒன்றும் கேட்காமல் அதில் இருந்தார்.

இப்போது ஒவ்வொரு நாளும் அதில்தான் இருக்கிறார். இரண்டு மழை பெய்துவிட்டது. கையிலும் முழங்காலிலும் பொன் போய்ச் சிவப்பு மண் தெரிகிறது. என் மகள் போகும்போது அவரை எழுப்பிவிட்டு, அதில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிறாள். நான் வேலையால் வரும்போதும் அந்தக் கிழவர் எழும்பி நிற்கிறார். கதிரையைக் கையால் தட்டிக் காட்டி, "இருங்கள் சிஞோரா, களைத்து வருகிறீர்கள்" என்கிறார்.

நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.

எனக்கு நேரம் இருக்கிறது.